நாற்பது படமும் நாலு நிறமும்

முதல் சுற்றின் மூன்றாவது படம் திரையில் விழுந்ததும் இருபது விரல்களும் டப்பென்று இறங்கின. இரண்டு விநாடிகூட ஆகவில்லை. கம்பெனியிலிருந்து இந்த ஐ.டி.ஐ.க்கு ஆள் எடுக்க வந்திருந்த முரளிதரன் சார் “அடேயப்பா” என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், இங்கிலீஷ் டீச்சர் பிரபாவதி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பாராட்டைக் கேட்டுப் பயப்படுகிற டீச்சர் இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். சிரி, சிரித்துவை, பிரின்சிபால் பார்க்கிறார். பிரின்சிபால் பழனியப்பன் பார்க்கத்தான் செய்தார், கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் பார்ப்பதுபோல, எல்லாம் நல்லபடியாக நடந்தாக வேண்டுமே என்கிற முகத்தோடு. “எல்லாம் மேடம் கைவண்ணமுங்க சார். இங்கிலீஷ்னாலே காத தூரம் ஓடுன பசங்க. வயர்மேன் ட்ரேடு வேற. இப்ப பாருங்க, விளையாட்டாவே நாப்பது படம், சாமான் பேரு, எச்சரிக்கை போர்டு, எல்லாம் தண்ணி பட்ட பாடு” என்றார். திரையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸின் படம். பிள்ளைகளின் கையிலிருந்த டேப்லெட்டுகளில் அதே படத்துக்கு நாலு கட்டங்கள், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு இங்கிலீஷ் பெயர், அதில் ஒன்றுதான் சரி, எவ்வளவு சீக்கிரம் தொடுகிறாயோ அவ்வளவு புள்ளி. பச்சை, என்று அவள் மனசு சொன்னது. வைஸ் பச்சை. ஐயோ, எனக்கும் மனப்பாடமாகிவிட்டதே. படபடவென்று இசை ஒலித்து பெயர்ப் பட்டியல் வந்தது, முதல் இடத்தில் வழக்கம்போல கோகுல்நாத், இருபதுக்கு இருபது பேரும் சரி. இன்னும் ஏழு படம். ஏழு படம் முடிந்தால் முதல் சுற்று முடியும். அப்புறம் இரண்டாம் சுற்று, அதைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பது, பதினைந்து பேர், நேராகக் கம்பெனிக்குள். நடுவில் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் இவள் ஒரு காரியம் செய்யலாம், அல்லது செய்யாமல் இருக்கலாம்.

நாலாவது படம், சாணை பிடிக்கிற கிரைண்டிங் வீல். மஞ்சள். டப். காலையில் ஒன்பதே முக்காலுக்கு ஸ்டாஃப் ரூமில் லேப்டாப்பைத் திறந்திருக்கவே வேண்டாம். யார் சொன்னது, கம்பெனிக்காரர் வருகிறாரே, படங்களைக் கொஞ்சம் பளிச்சென்று மாற்றலாம் என்று? சும்மா கிடந்ததைக் கிளறப்போய், அமைப்புகள் பக்கத்தின் அடியில், கண்ணுக்கே தெரியாத சின்ன எழுத்தில், ‘விடைகளின் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்று’ என்று ஒரு பொத்தான். அது அணைந்திருந்தது. எப்போதிருந்து? ஜூன் மாதம் இந்த விளையாட்டை உட்கார்ந்து உட்கார்ந்து அவளே செய்த நாளிலிருந்து. எட்டு மாதமாக வைஸ் பச்சையிலேயே இருந்திருக்கிறது, துளை போடும் ட்ரில் பிட் சிவப்பிலேயே இருந்திருக்கிறது, படம்தான் முன்னே பின்னே வரும், நிறம் நகராது. அந்த இடத்தில்தான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. கோகுல்நாத்தின் நோட்டுக் கடைசிப் பக்கம். தீபாவளிக்கு முன்னால் திருத்தும்போது பார்த்திருக்கிறாள், தமிழில் வரிசையாகச் சாமான் பெயர்கள், பக்கத்தில் சி, ம, நீ, ப. அட, வயரிங் கலர் கோடு போலிருக்கிறது, ஃபேஸ் சிவப்பு மஞ்சள் நீலம், எர்த்துக்குப் பச்சை, பையன் ட்ரேடு பாடத்தை எழுதி வைத்திருக்கிறான் பாவம், என்று ஓரத்தில் ‘குட்’ என்று வேறு எழுதிக் கொடுத்தாள். குட்! வயர்மேன் பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துக் கம்பியைப் பிடிக்கப் பழகினவர்கள், அவர்கள் கையில் நாலு நிறத்தைக் கொடுத்துவிட்டு எழுத்தைப் படிப்பார்கள் என்று நம்பினாளே, அவள் புத்தியை என்ன சொல்ல. அந்தப் பட்டியலை எத்தனை பேர் எழுதிக்கொண்டார்கள்? பஸ் ஸ்டாப்பில் பையன்கள் சி நீ ம என்று ஏதோ முணுமுணுத்துச் சிரித்ததெல்லாம் இதுதானா? ஏமாற்றினார்களா? இல்லை, ஏமாற்றவில்லை. ஆட்டத்தில் ஜெயிக்க வழி எதுவோ அதைக் கண்டுபிடித்தார்கள். ஜெயி ஜெயி என்று கை தட்டியது யார்.

ஆறாவது படம் வந்துவிட்டது, ஐந்தாவது எப்போது போனது? மோட்டார் வைண்டிங் ஷெட்டிலிருந்து வார்னிஷ் வாடை ஜன்னல் வழியாக வந்தது, அவளுக்குத் தலை வலித்தது. முரளிதரன் சார் முன்னால் குனிந்து, கோகுல்நாத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷராக இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. பத்து மணிக்கு பிரின்சிபால் அறையில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், குரலை உயர்த்தாமல்: “போன வருஷம் ஒரு பையனை எடுத்தோமுங்க மேடம். கெட்டிக்காரப் பையன், கை வேகம்னா அப்படியொரு வேகம். கரண்ட் பேனல்ல எச்சரிக்கை போர்டு தொங்குது. போட்டிருந்தது என்னன்னு படிக்கல. ஒதுக்கி வெச்சுட்டு சுவிட்சைப் போட்டுட்டான். உள்ள எங்க ஃபோர்மேன் கையை விட்டு வேலை பண்ணிட்டிருந்தார். வலது கை போயிருச்சு. அதுக்கப்புறம் நான் மார்க் ஷீட்டைப் பாக்கறதில்லைங்க. போர்டு படிக்கத் தெரியுதா, அவ்வளவுதான்.” டீ ஆறிப்போய்விட்டது அவளுக்கு. அப்போதே சொல்லியிருக்கலாம். சார், ஒரு நிமிஷம், ஒரு தப்பு நடந்திருக்கிறது, என்று. வாய் வரை வந்தது. பிரின்சிபால் அதற்குள் “எங்க பசங்க போர்டெல்லாம் பார்த்த மாத்திரத்துல சொல்லுவாங்க” என்றுவிட்டார். பார்த்த மாத்திரத்தில். அது பொய்யும் இல்லை. இவர்கள் பார்த்த மாத்திரத்தில்தான் சொல்கிறார்கள். சரி, என்ன இப்போது? கம்பெனியில் சேர்ந்தால் பத்து நாள் பயிற்சி கொடுக்க மாட்டார்களா? அங்கே கற்றுக்கொள்ள மாட்டார்களா? எல்லா ஊரிலும் இப்படித்தானே? கோகுல்நாத்தின் அம்மா போன வாரம் கேட்டுக்கு வெளியே நின்று, “எப்படியாச்சும் இந்தக் கம்பெனிக்குள்ள தள்ளி உட்ருங்க டீச்சர், அவன் கட்டட வேலைக்குப் போயிட்டான்னா அப்புறம் திரும்ப மாட்டான்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பொத்தானைத் தொடாமல் விட்டால் பதினைந்து வீடுகளில் இன்றைக்கு விளக்கு எரியும். தொட்டால் பிள்ளைகள் அத்தனை பேரும் முரளிதரன் சார் கண்முன்னால் தடுமாறி விழுவார்கள். தொடாதே. பிரபா, தொடாதே. அப்புறம் மெதுவாக, தனியாக, சனிக்கிழமைகளில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடு. போர்டு அதுவரை தொங்காமல் இருக்குமா?

ஏழு. ட்ரில் பிட். சிவப்பு, டப். என்ன அழகாக விளையாடுகிறார்கள். இந்தச் சிரிப்புக்காகத்தானே எல்லாம் செய்தாள். அவளுடைய கல்லூரி முதல் வருஷம், தமிழ் மீடியத்திலிருந்து போனவளை அந்த இங்கிலீஷ் மேடம் ஸ்டாண்டப் என்றார், வாசி என்றார். அவள் எழுந்து நின்றாள். முதல் வரியில் இரண்டாவது வார்த்தையே வாயில் வரவில்லை. அது என்ன வார்த்தை என்று இன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் அதை எங்கேயாவது அச்சில் பார்த்தால் உள்ளங்கை வேர்க்கும். மணி அடிக்கும்வரை நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, மற்றவர்கள் சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள், என்ன சிரிப்பு என்று தெரியாமலே. பிறகு மூன்று வருஷமும் அந்தச் சிரிப்பை வைத்தே ஓட்டினாள், தலையாட்ட வேண்டிய இடத்தில் தலையாட்டி, மற்றவர்கள் பக்கம் புரட்டினால் தானும் புரட்டி. ஐ.டி.ஐ.யில் வேலை கிடைத்த அன்றைக்கே ஒரு தீர்மானம்: என் வகுப்பில் ஒரு பிள்ளையையும் எழுப்பி நிற்க வைக்க மாட்டேன். விளையாட்டில் யாரும் நிற்க வேண்டியதில்லை. யாருடைய வாயும் தெரியாது, விரல்தான் தெரியும். யாருக்கும் அவமானம் இல்லை. ஆமாம், யாருக்கும் அவமானம் இல்லை, அதனால் யாருக்குத் தெரியவில்லை என்பதும் தெரியவில்லை. ஒரு பிள்ளையைக்கூட எட்டு மாதமாக ஒரு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. தான் பக்கம் புரட்டினதைப் போலவே முப்பத்தொரு பேரைப் புரட்ட வைத்திருக்கிறாள், இசையோடு. இதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. அழுதால் பிரின்சிபால் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொள்வார்.

முப்பத்தொரு பேர். இருப்பது இருபது டேப்லெட், வகுப்பில் மாற்றி மாற்றி ஆடுவார்கள். மீதிப் பதினொரு பேர்? எட்டாவது படம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. மீதிப் பதினொரு பேரை இவள்தான் கழித்தாள், வருஷம் முழுக்க வாங்கின புள்ளியைக் கூட்டி, மேலிருந்து இருபது பேர். கடைசிப் பதினொருவரை பிரின்சிபால் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார், விருந்தாளிக்கு மேசை போட. முப்பத்தொன்றாவது நாகஜோதி. எப்போதும் நாகஜோதி. கடைசி விநாடிவரை குனிந்து உட்கார்ந்திருப்பாள், உதடு லேசாக அசையும், மணி அடிக்கப்போகும்போதுதான் விரல் இறங்கும், சொற்பப் புள்ளிதான் வாங்குவாள். சீக்கிரம் நாகஜோதி, தூங்காதே நாகஜோதி, என்று இவளே எத்தனை தடவை. நாகஜோதியின் உதடு. ஏன் இப்போது அந்த உதடு ஞாபகம் வருகிறது? இரு, இரு, செப்டம்பரில் ஒரு நாள், ஏதோ புது அப்டேட் வந்து அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டிருக்க வேண்டும், ஆட்டம் தாறுமாறாகப் போனது. எல்லாரும் தப்பு, எல்லாரும் கத்தினார்கள், மிஸ் ஆட்டம் கெட்டுப்போச்சுங்க மிஸ் என்றார்கள். பட்டியலில் நாகஜோதி முதலிடத்தில் நின்றாள், ஒரே ஒரு தடவை. கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இவள் என்ன செய்தாள்? சிரித்தாள். “இன்னிக்கு நெட்டு சரியில்லப்பா, இந்த ஆட்டம் செல்லாது” என்று அழித்துவிட்டு, என்ன மாறியது என்று பார்க்காமலே மொத்தத்தையும் பழைய அமைப்புக்கு மாற்றி, திரும்ப ஆட வைத்தாள். நாகஜோதி முப்பத்தொன்றுக்குப் போனாள். அவள் முகம் எப்படி இருந்தது? ஞாபகம் இல்லை. பார்க்கவில்லை என்பதுதான் நிஜம். பிரபாவதி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள், பழைய ஆட்டங்களின் பட்டியலில் ‘ரத்து’ என்று கிடந்ததைத் திறந்தாள். இடப்பக்கம் ஒரு வரிசை, எந்த இடம் என்று. வலப்பக்கம் இன்னொரு வரிசை, எத்தனை சரி என்று. அந்த வலப்பக்கத்தை அவள் இதுவரை பார்த்ததே கிடையாது. கோகுல்நாத், நாற்பதில் ஒன்பது. அடுத்தவன் பதினொன்று. எட்டு. பத்து. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அத்தனை வரும். நாகஜோதி, நாற்பதில் முப்பத்தேழு. நாலு கட்டத்தையும் படித்துப் பார்த்துத்தான் தொட்டிருக்கிறாள் அந்தப் பெண், எட்டு மாதமாக, ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு தடவையும் அதற்காகவே கடைசியில் நின்றிருக்கிறாள். இப்போது சாப்பாட்டுக் கூடத்தில் இலை துடைத்துக்கொண்டிருப்பாள்.

“முதல் சுற்று முடிஞ்சுதுங்க சார்” என்று பிரின்சிபால் கை தட்டினார். இருபது பேரும் பத்துக்குப் பத்து. முரளிதரன் சார் தன் ஃபைலைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். “ஆரம்பிங்க மேடம், நான் ரெடி.” திரையில் ‘தொடங்கு’ என்ற பெரிய பொத்தான், அதன் கீழே அந்தச் சின்னப் பொத்தான், சாம்பல் நிறத்தில். கோகுல்நாத் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். வேண்டாம்டா, அப்படிப் பார்க்காதே. உன் அம்மா கையைப் பிடித்தாள். உன்னை எனக்குப் பிடிக்கும், வகுப்பு முடிந்ததும் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகிற ஒரே பையன் நீ. கெட்டிக்காரன், கை வேகம்னா அப்படியொரு வேகம். யார் சொன்னது இதை? காலையில் அவர் சொன்னார், வேறு ஒரு பையனைப் பற்றி. கோகுல், நீ போய் நிற்கப்போகிற பேனலுக்குள் யாருடைய கை இருக்கும்? உன் கையாகக்கூட இருக்கலாம், அப்போது வெளியே நிற்கப்போகிறவனும் இங்கேயே, இந்த வரிசையிலேயே உட்கார்ந்திருப்பவன்தான். “மேடம்?” என்றார் பிரின்சிபால். அவள் சின்னப் பொத்தானைத் தொட்டாள். அது பச்சையாக மாறியது. பிறகு தொடங்கு என்பதை அழுத்தினாள்.

கம்பி வெட்டும் கட்டர் படம். இருபது விரல்கள் டப்பென்று இறங்கின. பதினாறு தப்பு. அடுத்தது, டெஸ்டர். பதினேழு தப்பு. மூன்றாவதற்கு விரல்கள் இறங்கத் தயங்கின, ஒருவன் மற்றவனைப் பார்த்தான், இசை மட்டும் வெட்கமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் திரையைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார்கள். கோகுல்நாத் டேப்லெட்டை ஒரு தடவை தட்டிப் பார்த்தான். “நெட்டு சார், நெட்டு!” பிரின்சிபால் துள்ளி எழுந்தார். “இந்தப் பக்கம் டவர் எப்பவும் இப்படித்தானுங்க சார். மேடம், இதை அழிச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து போடுங்க.” முரளிதரன் சாரும் தலையாட்டினார், பரவாயில்லை, எங்கள் ஆபீஸிலும் இதே கதைதான், என்றார். எவ்வளவு சுலபம். வழி திறந்தே கிடக்கிறது, போய்விடலாம், ஒரு வார்த்தை போதும், அவள் ஏற்கெனவே ஒரு தடவை சொன்ன வார்த்தைதான். அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. எழுந்து நின்றாள். “நெட்டு நல்லாத்தான் இருக்குதுங்க சார்” என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. “நாந்தான் தப்புப் பண்ணிட்டேன். பசங்க மேல ஒண்ணும் இல்ல. எந்தப் படத்துக்கு எந்த நிறம்னு பழகியிருக்காங்க, அப்படிப் பழகற மாதிரி நாந்தான் செஞ்சு வெச்சிருந்தேன். எழுத்தை இவங்க படிக்கல. நான் படிக்க வெக்கல.” பிரின்சிபால் உட்கார்ந்துவிட்டார். முரளிதரன் சார் பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை. “எல்லாரும் அப்படித்தானுங்களா?” என்று கேட்டார். “இல்லைங்க. ஒரு பொண்ணு படிக்கும். அதை நான் லிஸ்ட்லயே வெக்கல.”

அவளே ஓடிப்போய்க் கூட்டிவந்தாள், வராந்தாவில் செருப்பு ஒன்று கழன்றதைக்கூடக் கவனிக்காமல். நாகஜோதி ஈரக்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றாள், முன்வரிசையைப் பார்த்தாள், எல்லா டேப்லெட்டிலும் ஆள் இருந்தது. “நான் ஆரு எடத்துலங்க மிஸ் உக்கார்றது?” என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பிரபாவதி லேப்டாப்பைத் தன் மேசையிலேயே அவள் பக்கம் திருப்பி, தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அடுத்த படம் வந்தது: மூடின பேனல், கைப்பிடியில் ஒரு அட்டை தொங்குகிறது, அட்டையில் என்ன எழுதியிருக்கும், நாலில் ஒன்று. திரையின் மூலையில் இருபதிலிருந்து எண் இறங்கத் தொடங்கியது. நாகஜோதி குனிந்தாள். பதினாறு. உதடு அசைந்தது. பதிமூன்று. தொடு கண்ணு, தொட்டுவிடேன், என்று பிரபாவதியின் விரல்கள் தம்மை அறியாமல் துடித்தன, அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “ரொம்ப மெதுவா இருக்குதே பொண்ணு” என்றார் முரளிதரன் சார் தாழ்ந்த குரலில். “படிக்குதுங்க சார்.” எட்டு. நாகஜோதி நிமிர்ந்து, “டைம் போயிருமுங்க மிஸ்” என்றாள் பயந்தபடி. “போனாப் போகுது. நீ படி.” எண் பூஜ்யத்துக்கு வந்தது, இசை ஒலித்து அடங்கியது. இப்போது அந்த உதட்டின் முணுமுணுப்பு எல்லாருக்கும் கேட்டது. முதல் கட்டம், இரண்டாவது, மூன்றாவதில் நின்று திரும்ப ஒரு தரம். “டோன்ட் சுவிட்ச் ஆன். மென் வொர்க்கிங்.” பிறகு, கேட்காமலே, தனக்குத்தானே சரிபார்த்துக்கொள்வதுபோல், “சுவிட்சைப் போடாத. உள்ள ஆளு வேலை செய்யறாங்க. இதுதானுங்க மிஸ்.” முரளிதரன் சார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கோகுல்நாத் எழுந்து நின்றிருந்தான். யாரும் அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை. திரையில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், எட்டு மாதத்தில் நூறு தடவையாவது அதற்குப் புள்ளி வாங்கியிருப்பான். “மிஸ்,” என்றான், அவனுடைய குரலே இல்லை அது, “உள்ள ஆளு இருக்கறாங்கன்னுங்களா மிஸ் அதுல போட்டிருக்குது?” அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.